ஸர் ஜெப்ரி டெய்லரும் நமது உலோகத் தொழிலும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயிலில் ஏறி, வில்லிவாக்கமும் கொரட்டூரும் கடந்து அம்பத்தூர், ஆவடி நிலையங்களில் இறங்குவோர், உலோகத்தை வளைத்தும் நீட்டியும் அழுத்தியும் ஜீவனம் செய்யும் பெருந்திரளான தொழிலாளரின் நடுவே இறங்குகின்றனர். 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் தொழில் வித்திடப்பட்டது. ஆவடிக் காங்கிரஸ் மகாசபை சோஷலிஸ மாதிரிச் சமுதாயத்தைத் தன் குறிக்கோளாக ஏற்ற 1955-ம் ஆண்டிலேயே, அதே ஆவடியில் எஃகுக் குழாய் செய்யும் தொழிற்சாலையும் ஏற்பட்டது. 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. 1965-ல் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது.

இத்தொழிலாளர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. குளிர்ந்த நிலையில் இழுக்கப்படும் குழாய் இழுக்க இழுக்கக் கடினமாகின்றது. ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் வெடித்துவிடுகின்றது. உலையிலிட்டுக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடியும் கைக்கு இணங்குகின்றது. நமது கன்னார்கள் செம்பையும் பித்தளையையும் தட்டிக் குடம் செய்த காலந்தொட்டு இது தெரிந்த விஷயமே. ஆனால் ஏன் அப்படி நிகழ்கின்றது என்ற கேள்விக்கு 1934 வரையில் எந்தத் தேசத்திலும் திருப்தியான விடை இல்லை. விடை கண்டவர்களுள் முதன்மையானவர் ஜெப்ரி இங்க்ராம் டெய்லர் என்னும் ஆங்கிலேயர். இன்று மக்னீஷியம் போன்ற இலேசான உலோகங்கள் எவ்வாறு வளையும், எவ்வாறு உரமேறும் என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுச் சொல்லும் சாஸ்திரம் முழுவதும் அவர் வகுத்த வழியிலேயே நடைபெறுகின்றது. அவருடைய சரித்திரத்தைச் சுருக்கி எழுத நாம் எடுத்துக்கொண்ட காரணம் அதுவே.

டெய்லர் 1886-ம் ஆண்டு மார்ச்சு 7-ம் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை ஓவியர், கப்பல்களின் உள் அறைகளை அலங்கரிக்கும் தொழிலும் அவருக்கு உண்டு. தாய் மார்கரெட், ஜார்ஜ் பூல் என்ற கணித மேதையின் புதல்வி. உண்மை, பொய் என்ற இரண்டே நிலைகளைக் கொண்டு சிந்தனையைக் கணிதமாக்கலாம் என்று 1854-ல் நூல் எழுதிய அந்தப் பூலின் தர்க்கமே இன்றைய கம்ப்யூட்டர்களுக்கு அடிப்படை. பூலின் மனைவியோ, இந்தியாவின் சர்வேயர் ஜெனரலாயிருந்த ஜார்ஜ் எவரெஸ்டின் சகோதரர் மகள்.

இந்த உறவைச் சொல்லுவதில் நமக்கு ஒரு நோக்கம் உண்டு. எவரெஸ்ட் தொடர்ந்து நடத்திய மகத்தான நில அளவை வேலை, பூந்தமல்லிக்கு அண்மையிலுள்ள பரங்கிமலையில், 1802-ல் லாம்டன் என்பவர் சங்கிலி போட்டு அளந்த கோட்டிலிருந்து ஆரம்பமாயிற்று. உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டு அறிந்தவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி; சிகரத்துக்குக் கிடைத்த பெயர் மட்டும் எவரெஸ்டினுடையது. சிக்தாருக்கு அந்த இலாகாவில் பிரதம கம்ப்யூட்டர் என்று உத்தியோகப் பெயர். அக்காலத்தில் அச்சொல் யந்திரத்தைக் குறிக்கவில்லை. கணக்குப் போடும் மனிதரையே குறித்தது. கணக்கிடும் திறமை நம்மவருக்கு என்றும் குறைந்ததில்லை. எதைக் கணக்கிடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் வேறிடத்தில் இருந்தது.

டெய்லர் 1905-ல் கேம்பிரிட்ஜ் டிரினிடி கலாசாலையில் சேர்ந்தார். 1909-ல் அவர் வெளியிட்ட முதல் ஆராய்ச்சி, தம் பெற்றோர் வீட்டில், சிறுவயதில் விளையாடிய அறையிலேயே செய்யப்பட்டது. ஒரு காஸ் விளக்குச் சுடர், புகை படிந்த கண்ணாடித் தகடுகள், ஒரு தையல் ஊசி, ஒரு போட்டோத் தகடு: இவையே கருவிகள். ஒளியை எவ்வளவு மங்கலாக்கினாலும் ஊசியின் நிழலோரத்தில் தோன்றும் வரிகள் மாறுவதில்லை என்று அதில் காட்டினார். ஒரு படத்துக்குச் சுமார் மூன்று மாத காலம் வெளிச்சம் விழவேண்டியிருந்தது. பெரிய சாதனங்கள் இருந்தால்தான் பெரிய உண்மைகள் தெரியும் என்று எண்ணுவோருக்கு இந்த வரலாறு சிறிது சங்கடமாக இருக்கலாம்.

டைடானிக் கப்பல் 1912-ல் பனிப்பாறையில் மோதி மூழ்கியதும், மறுவருஷம் அட்லாண்டிக்கில் பனிப்பாறைகளைக் கண்காணிக்க அனுப்பப்பட்ட ஸ்கோஷியா என்ற கப்பலில் அவர் வானிலை ஆராய்ச்சியாளராகச் சென்றார். காற்றாடிகளைப் பறக்கவிட்டுக் காற்றின் சுழற்சியை அளந்தார். முதல் உலக யுத்தத்தில் பார்ன்பரோ விமானத் தொழிற்சாலையில் வேலை செய்தார். விமானம் ஓட்டவும் கற்றார். அங்கே கிரிபித் என்ற நண்பருடன் சேர்ந்து அவர் செய்த காரியம் ஒன்றை நமது லேத் தொழிலாளர் ரசிப்பார்கள். முறுக்கப்படும் தண்டு எந்த இடத்தில் அதிகமாகச் சிரமப்படும் என்பதைக் கணக்கிட இயலாத உருவங்களுக்கு, அதே உருவில் தகட்டில் துளை வெட்டி, சோப்பு நீரில் தோய்த்து, அந்த மெல்லிய படலத்தின் சாய்வை அளந்து விடை கண்டனர். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் சோப்புப் படலமே அவருக்குக் கம்ப்யூட்டராயிற்று.

1923-ல் ராயல் ஸொஸைடி அவரை ஆராய்ச்சிப் பேராசிரியராக நியமித்தது. பாடம் நடத்தும் கடமை இல்லை. நிர்வாகத் தொல்லை இல்லை. கேம்பிரிட்ஜ் கவெண்டிஷ் சாலையில் இடமும், வால்டர் தாம்ஸன் என்ற ஓர் உதவியாளரும் இருந்தனர். ஏறத்தாழ முப்பது வருஷங்கள் அவர் அந்தப் பதவியை வகித்தார்.

அவ்வருஷமே கான்ஸ்டன்ஸ் ஈலம் என்ற பெண்மணியுடன் சேர்ந்து, அலுமினிய ஸ்படிகத்தைப் பற்றிய புகழ்பெற்ற ஆராய்ச்சியை வெளியிட்டார். சாதாரண உலோகத் துண்டு எண்ணற்ற சிறு மணிகளின் தொகுதி. ஒவ்வொரு மணியிலும் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன; ஆனால் மணிக்கு மணி அடுக்கின் திசை வேறு. ஈலம் அம்மையார் கார்ப்பென்டருடன் உழைத்து, துண்டு முழுவதும் ஒரே மணியாக வளர்ந்த அலுமினியக் கம்பிகளைப் பெறும் வித்தையை அறிந்திருந்தார். அந்தக் கம்பியின் மேல் நுண்ணிய கோடுகள் கீறி, சிறிது இழுப்பது, கோடுகளின் கோணங்களை அளப்பது, மீண்டும் இழுப்பது என்று பொறுமையாகச் செய்தனர். எக்ஸ் கதிர்களால் உள் அடுக்கின் திசையையும் பார்த்தனர். கிடைத்த விடை எளியது. ஸ்படிகம் ரப்பரைப்போல் எங்கும் ஒரே சீராக நீளுவதில்லை. சீட்டுக்கட்டின் சீட்டுக்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதுபோல், குறிப்பிட்ட ஒரு தளத்தில், குறிப்பிட்ட ஒரு திசையில் மட்டுமே வழுக்குகின்றது. ஈலம் பிற்காலத்தில் டிப்பர் என்ற பெயரில், இரண்டாம் யுத்தத்தின்போது கப்பல்கள் கடலில் பிளந்த காரணத்தை ஆராய்ந்து புகழ்பெற்றார். அவர் உழைத்த கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை பெண்களுக்குப் பூரண அங்கத்தினர் உரிமையை அளித்தது 1948-ல்தான். நம்மைச் சீர்திருத்த வந்ததாகச் சொன்னவர்களின் வீட்டு நிலைமை இது.

இனி ஒரு புதிர் எஞ்சியிருந்தது. ஒரு தளம் முழுவதும் ஒரே சமயத்தில் வழுக்குவதாகக் கொண்டு கணக்கிட்டால், உலோகம் காணப்படும் உரத்தைப்போல் ஆயிரம் மடங்கு உரமுடையதாக இருக்கவேண்டும். 1934-ல் டெய்லரும், ஓரோவான், போலான்யி என்ற இரு ஹங்கேரியரும், தனித்தனியே ஒரே விடையைக் கண்டனர். கல்யாண வீட்டில் விரித்த நீண்ட பந்திப் பாயை நகர்த்த விரும்புவோர் அதை முழுவதும் இழுப்பதில்லை. ஒரு முனையில் சிறு மடிப்பை எழுப்பி, அம்மடிப்பை மறுமுனைவரை தள்ளிவிட்டால், பாய் ஓரங்குலம் நகர்ந்துவிடும். ஸ்படிகத்திலும் அணு அடுக்கில் அத்தகைய மடிப்பு ஒன்று இருக்கின்றது. அதை வரிசைப் பிசகு என்று நாம் அழைக்கலாம். அது ஓடுவதால்தான் உலோகம் வளைகின்றது. அது ஓடமுடியாதபோது உலோகம் உரமேறுகின்றது.

இதன் பின்பு கன்னாரின் அனுபவத்துக்கு விளக்கம் சொல்வது கஷ்டமில்லை. தட்டத்தட்டப் புதிய பிசகுகள் பிறக்கின்றன. தேர்த்திருவிழாக் கூட்டத்தில் எதிரெதிரே வருவோர் ஒருவரையொருவர் நகரவொட்டாமல் தடுப்பதுபோல் அவை சிக்கிக்கொள்கின்றன. பிசகுகளின் நெருக்கம் நான்கு மடங்கானால் உரம் இரு மடங்காகும் என்பது டெய்லர் வகுத்த விதி. உலையில் காய்ச்சும்போது சிக்கல் கலைந்து கூட்டம் குறைகின்றது. உலோகத்தை வளைக்கச் செலவாகும் உழைப்பில் பெரும்பங்கு சூடாக வெளியேறுகின்றது என்றும், சிறு பங்கு உள்ளேயே சிறைப்படுகின்றது என்றும் அவரும் அவருடைய சகாக்களும் அளந்து காட்டினர். சிறைப்பட்ட அந்தச் சிறு பங்கு இந்தச் சிக்கலிலேயே தங்கியிருக்கின்றது.

தனி ஸ்படிகத்தைப்பற்றி அறிந்தால் போதாது. தொழிற்சாலைக்கு வருவது மணிகளின் தொகுதியல்லவா? 1938-ல் டெய்லர் அதற்கும் வழி வகுத்தார். பக்கத்து மணிகளுடன் இடைவெளி விழாமல் ஒரு மணி எந்த உருவத்துக்கும் மாறவேண்டுமானால், ஒன்றையொன்று சாராத ஐந்து வழுக்கல்கள் அதற்கு வேண்டும். அலுமினியத்தில் நான்கு தளங்கள், தளத்துக்கு மூன்று திசைகள், ஆகப் பன்னிரண்டு வழுக்கல்கள் உண்டு. பன்னிரண்டில் ஐந்தைத் தேர்ந்தெடுக்க 792 விதங்கள். அவற்றுள் மிகக் குறைந்த உழைப்பில் காரியத்தை முடிக்கும் ஐந்தையே இயற்கை கைக்கொள்ளும் என்று கொண்டு, பல திசைகளில் அமைந்த மணிகளுக்குக் கையினாலேயே கணக்கிட்டார். தனி ஸ்படிகத்தின் உரத்தை ஏறக்குறைய மூன்றால் பெருக்கினால் தகட்டின் உரம் கிடைக்கும் என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது.

மக்னீஷியத்தின் கதை இங்கேதான் தொடங்குகின்றது. மக்னீஷியம் இரும்பின் எடையில் கால் பங்குகூட இல்லை. அலுமினியத்தின் எடையிலும் மூன்றில் இரண்டு பங்குதான். எரிபொருளை மிச்சப்படுத்த விரும்பும் வாகனத் தொழிலுக்கு இதைவிட வேண்டிய உலோகம் எது? ஆனால் அறையின் சாதாரண வெப்பத்தில் அது டெய்லரின் நிபந்தனைக்கு இணங்குவதில்லை. அதன் அணு அடுக்கு அறுகோண வடிவானது. எளிதாக வழுக்கும் தளம் ஒன்றே ஒன்று. அத்தளத்தில் மூன்று திசைகள் இருந்தாலும், மூன்றாவது மற்ற இரண்டின் கூட்டாதலால் கணக்குக்கு இரண்டே. ஐந்து வேண்டிய இடத்தில் இரண்டை வைத்துக்கொண்டு மணி என்ன செய்யும்? அடுக்கின் ஒரு பகுதி முழுவதும் திடீரெனச் சுமார் 86 பாகை புரண்டு இரட்டை ஸ்படிகமாகிவிடுகின்றது. இந்தப் புரளல் ஒரு பக்கமாக மட்டுமே நடக்கும். ஆகையால்தான் உருட்டிய மக்னீஷியத் தகடு இழுக்கும்போது தாங்குவதில் ஏறத்தாழப் பாதியளவு அழுத்தத்திலேயே நசுங்கத் தொடங்குகின்றது. இருநூறு டிகிரிக்கு மேல் சூடாக்கினால் வேறு தளங்களும் வழுக்க முன்வருகின்றன. மக்னீஷியத் தகட்டைப் பிரஸ்ஸில் அழுத்துமுன் சூடேற்றுவதன் ரகசியம் இதுவே.

வழுக்கலும் புரளலும் ஒன்றாக நடைபெறும் ஆயிரக்கணக்கான மணிகளுக்குக் கையால் கணக்கிட எவராலும் ஆகாது. கம்ப்யூட்டர் அவ்வேலையைச் செய்கின்றது. 1993-ல் லெபென்ஸான், டோமே என்ற இருவர் வெளியிட்ட கணக்கு முறை, உலகெங்கும் இன்று கையாளப்படுவதாகும். ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியோடு முற்றும் ஒத்து வளையவேண்டும் என்ற டெய்லரின் கண்டிப்பைத் தளர்த்தி, சுற்றியுள்ள உலோகத்தின் சராசரிக்கு ஏற்ப அது வளைவதாக அவர்கள் கொண்டனர். மக்னீஷியத்தைப்போலவே அறுகோண அடுக்குடைய ஸிர்கோனியத்துக்கு முதலில் கணக்கிட்டனர். பின்னர் மக்னீஷியத்துக்கும் அம்முறை வந்தது. இவ்விருவரும் அர்ஜெண்டினா தேசத்தவர் என்பதை நம் நேயர்கள் கவனிக்கவேண்டும். செல்வத்திலும் படைபலத்திலும் முதல் வரிசையில் இல்லாத நாடு அது.

உரமேற்றும் வித்தையிலும் கணக்குக்கு வேலை உண்டு. கலப்பு உலோகத்தில் பிரியும் நுண்ணிய துகள்கள் பிசகுகளின் ஓட்டத்தை மறிக்கும். அலுமினியம் கலந்த மக்னீஷியத்தில் அத்துகள்கள் வழுக்கும் தளத்துக்கு இணையாகவே தட்டையாகப் படுத்துவிடுவதால், வாசலில் படுத்த காவற்காரனை வருவோன் தாண்டிச் செல்வதுபோலப் பிசகு தாண்டிச் சென்றுவிடும். நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்களைக் கலந்தால், துகள்கள் அந்தத் தளத்துக்குக் குறுக்கே நிமிர்ந்து நின்று மறிக்கின்றன.

மக்னீஷியத்துக்குரிய வெள்ளைக்கல் சேலத்தில் குன்று குன்றாகக் கிடக்கின்றது. அருமண் உலோகங்கள் அடங்கிய மோனஸைட் மணல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இருக்கின்றது. உலோகத்தைப் பிரித்தெடுக்கும் மின்சார முறைகளைக் காரைக்குடி ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்திருக்கின்றது. வார்த்து, அழுத்தி, கடைந்து கொடுக்கும் கைகள் அம்பத்தூரில் இருக்கின்றன. இருந்தும் சேலத்துக் கல் பெரும்பாலும் உலைச் செங்கல்லாகின்றது. உலகத்து மக்னீஷியத்தில் மிகப் பெரும்பங்கு சீனாவில் உண்டாகின்றது.

கம்ப்யூட்டர் வாங்கிவிட்டால் குறை தீர்ந்தது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அவர்களிடம் நமக்குப் பலத்த அபிப்பிராய பேதம் இருக்கின்றது. கணக்கு யந்திரம் தானாக எதையும் அறியாது. அடித்தளத்தில் வழுக்க எவ்வளவு வலிவு வேண்டும், மற்றத் தளங்களில் எவ்வளவு, புரள எவ்வளவு என்ற எண்களை அதற்குக் கொடுத்தாகவேண்டும். அவ்வெண்கள் கலவைக்குக் கலவை மாறும். கலவையைச் செய்தவர்களே, டெய்லரும் ஈலமும் கோடு கீறி அளந்தது போல, ஸ்படிகத்தை இழுத்து அளக்கவேண்டும். பிறர் அளந்த எண்ணை இரவல் வாங்கி, பிறர் எழுதிய முறையில் இட்டு, வண்ணப்படம் எடுத்துச் சுவரில் மாட்டுவது ஆராய்ச்சியாகாது. விஜயந்தா டாங்கிக்கு வரைபடம் விக்கர்ஸ் கம்பெனியிடமிருந்து வந்தது. அர்ஜுன் டாங்கியை ஆவடியிலேயே நம்மவர் வகுத்தனர். அதற்குப் பல வருஷங்கள் பிடித்தன, ஏளனமும் கேட்கவேண்டியிருந்தது. அந்த ஏளனத்தைப் பொறுத்துக்கொண்டது சரியான காரியமே என்பது நமது கருத்து.

டெய்லரைப்பற்றிப் புகழ்ச்சி மட்டுமே எழுதி முடிப்பது நேர்மையாகாது. இரண்டாம் உலக யுத்தத்தில் வெடிப்பின் சாஸ்திரத்தில் அவருக்கு நிகர் இல்லை. அமெரிக்காவிலுள்ள லாஸ் அலமாஸுக்கு அழைக்கப்பட்டார். 1945 ஜூலை 16-ம் தேதி நியூ மெக்ஸிகோப் பாலைவனத்தில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையை நேரில் கண்டார். மூன்று வாரங்களில் ஹிரோஷிமா சாம்பலாயிற்று. 1950-ல், பகிரங்கமாக வெளிவந்த போட்டோப் படங்களில் தீப்பிழம்பு பரவிய வேகத்தை அளந்தே அந்தக் குண்டின் வலிமை சுமார் 17,000 டன் வெடிமருந்துக்குச் சமம் என்று கணக்கிட்டு வெளியிட்டார். கணக்கு அபாரமானது. அந்த வலிமை எங்கே பிரயோகிக்கப்பட்டது என்பதை நினைக்கும்போது நமக்கு அக்கணக்கில் உவகை பிறக்கவில்லை. 1944-ல் அவருக்கு ஸர் பட்டம் கிடைத்திருந்தது.

அவருக்குப் படகோட்டுவதில் அளவற்ற ஆசை. மனைவி ஸ்டெபனியுடன் 1927-ல் தமது பாய்ப்படகில் நார்வேயின் வடகோடித் தீவுகளுக்குச் சென்றுவந்தார். சிறிய எடையிலேயே மணலை உறுதியாகப் பற்றவேண்டும் என்று கருதி, கலப்பைக் கொழுவின் உருவில் அவர் 1933-ல் அமைத்த நங்கூரம் இன்றும் படகுகளில் இருக்கின்றது.

1952-ல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றும் கவெண்டிஷ் சாலைக்கு வருவதை நிறுத்தவில்லை. 1956-ல், அவருக்கு எழுபது வயது நடந்தபோது, அதே சாலையில் ஹர்ஷும் அவருடைய துணைவரும் மெல்லிய அலுமினியத் தகட்டை எலக்ட்ரான் நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தனர். இருபத்திரண்டு வருஷங்களுக்கு முன் டெய்லர் காகிதத்தில் கண்ட வரிசைப் பிசகுகள், கருங்கோடுகளாக, அவர்கள் கண்ணெதிரே ஓடின. 1972-ல் பக்கவாதத்தால் தாக்குண்டு, 1975 ஜூன் 27-ம் தேதி, தமது 89-வது வயதில் கேம்பிரிட்ஜில் காலமானார். அவருடைய ஆராய்ச்சிகளை நான்கு தொகுதிகளாக அச்சிட்டிருக்கின்றனர். முதல் தொகுதி உலோகம் முதலிய திடப்பொருள்களைப் பற்றியது.